அன்னை காதரின் டிரெக்சல்: ஈந்ததும் எஞ்சியதும்

நற்பணி ஒன்றைத் தொடங்குவது அரிது. தொடங்கியவர் மறைந்த பின்னும் அப்பணி நின்று நிலவுமாறு செய்வது அதனினும் அரிது. ஒருவருடைய உழைப்பினாலும் கைப்பொருளினாலும் எழுந்த பள்ளிகளும் ஆலயங்களும் அவர் கண்மூடிய சில ஆண்டுகளிலேயே விளக்கேற்றவும் வழியின்றிப் போனதை நாம் நம் ஊர்களிலேயே கண்டிருக்கிறோம். வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் உறுப்பினர்களும் இளைஞர்களும் இவ்வுண்மையை எண்ணிப் பார்க்கத் தக்க வேளை இது.

அதற்குத் துணையாக ஒரு மாதரசியின் வரலாற்றை ஈண்டுச் சொல்ல விழைகின்றோம். நம்மைப் போலவே பிறப்பின் பேரால் ஒதுக்கப்பட்ட மக்களின் கல்விக்காகத் தமக்குக் கிடைத்த செல்வம் முழுவதையும் வழங்கியவர் அவர். அமெரிக்க நாட்டுக் கத்தோலிக்கத் துறவியாகிய அன்னை காதரின் டிரெக்சல் என்பது அவர் பெயர்.

பிறப்பும் வளர்ப்பும்

காதரின் 1858ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பிறந்தார். தந்தையார் பிரான்சிஸ் அந்தோணி டிரெக்சல், அந்நாளில் உலகறிந்த வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பெற்ற தாய் குழந்தை பிறந்த ஐந்தாம் வாரமே மறைந்தார். பின்னர்த் தந்தையார் மணந்துகொண்ட எம்மா அம்மையார், மூத்தாள் மக்களான எலிசபெத், காதரின் இருவரையும் தம் வயிற்றுப் பிள்ளையாகிய லூயிசையும் வேற்றுமையின்றி வளர்த்தார். வாரத்தில் சில நாள்களில் அவ்வில்லத்தின் கதவு ஏழைகளுக்காகத் திறந்திருக்கும். உடையும் உணவும் வாடகைப் பணமும் நாடி வருவோர்க்கு அம்மையார் வழங்குவார். பிள்ளைகள் உடனிருந்து உதவுவர். ஈகை என்பதைக் காதரின் நூலில் படித்து அறியவில்லை, வீட்டு வாசலில் நின்று கற்றார்.

எம்மா அம்மையார் 1883இல் புற்றுநோயால் நெடுநாள் துன்புற்று மறைந்தார். இரண்டே ஆண்டில், 1885 பிப்ரவரியில், தந்தையும் மறைந்தார்.

தந்தையின் உயில்

பிரான்சிஸ் டிரெக்சல் விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு ஏறத்தாழ 1 கோடியே 55 இலட்சம் டாலர். அதில் பத்தில் ஒரு பங்கை அவர் அற நிறுவனங்கள் பலவற்றுக்கு உடனே சேருமாறு எழுதியிருந்தார். எஞ்சிய ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் டாலரைப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்து, அதன் வருமானம் மட்டும் மூன்று பெண்மக்களுக்கும் சேர வேண்டும் என்று வகுத்தார். முதலை அவர்கள் தொடலாகாது. செல்வத்தை நாடி மணம் பேச வருவோரிடமிருந்து மக்களைக் காக்கவே இவ்வேற்பாடு. ஒரு மகள் பிள்ளையின்றி இறந்தால் அவள் பங்கின் வருமானம் மற்றவர்க்குச் சேரும். மூவருமே பிள்ளையின்றி மறைந்தால், உயிலில் முன்னரே பெயர் குறிக்கப்பட்ட அந்த அற நிறுவனங்களுக்கே முதல் முழுவதும் சென்றடையும்.

இவ்வுயிலை இளைஞர்கள் நன்கு மனத்திற் கொள்க. பிற்காலத்தில் நேர்ந்தவற்றுக்கெல்லாம் இதுவே வித்து.

துறவும் தொண்டும்

அக்காலத்து அமெரிக்காவின் நிலையை நாம் அறிதல் வேண்டும். அடிமை முறை 1865இல் சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி, தனி இரயில் பெட்டி, தனி இருக்கை என்ற கொடுமை தொடர்ந்தது. 1896இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமே இந்தப் பிரிவினைக்கு ஒப்புதல் அளித்தது. தேவாலயத்திலும் அவர்கள் பின் வரிசையிலோ மாடத்திலோதான் அமர வேண்டும். மண்ணுக்கு உரியவர்களான பூர்வகுடி மக்களோ நிலம் பறிக்கப்பட்டு ஒதுக்கிடங்களில் அடைபட்டுக் கிடந்தனர். பறைச்சேரியும் பள்ளச்சேரியும் அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பூர்வகுடி மக்களிடையே பணிபுரிந்த குருமார் டிரெக்சல் இல்லத்துக்கு வந்து உதவி கோரினர். காதரின் மேற்குப் பகுதிகளுக்கு நேரிற் சென்று அம்மக்களின் வறுமையைக் கண்டார். 1887 ஜனவரியில் உரோமையில் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவைக் கண்டபோது, தாம் பொருளுதவி செய்யும் இடங்களுக்குப் பணியாளரை அனுப்புமாறு வேண்டினார். அவரே ஏன் பணியாளர் ஆகலாகாது என்று பாப்பரசர் திருப்பிக் கேட்டார். இக்கேள்வி அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

1889இல் பிட்ஸ்பர்க் நகரில் இரக்கத்தின் சகோதரிகள் மடத்தில் சேர்ந்து பயிற்சி பெற்றார். 1891 பிப்ரவரி 12ஆம் நாள் வாக்குறுதி ஏற்று, பூர்வகுடியினர்க்கும் கறுப்பின மக்களுக்கும் உரிய தேவநற்கருணைச் சகோதரிகள் சபையை நிறுவினார். அப்போது அவருக்கு அகவை 32. வறுமை வாக்குறுதி ஏற்றபின் தமக்கென அவர் செலவிட்டது மிகச் சிறிது. பென்சில் கையில் பிடிக்க இயலாத அளவு தேயும்வரை எழுதுவார். ஆனால் ஆண்டுதோறும் வந்த பெருவருமானம் பள்ளிகளாகவும் ஆலயங்களாகவும் மாறிக்கொண்டே இருந்தது.

கல்விக் கூடங்கள்

நியூ மெக்சிகோ மாநிலத்துச் சாந்தா பே நகரிலும், அரிசோனாவில் நவஹோ மக்களிடையிலும், வர்ஜீனியாவிலும் பள்ளிகள் எழுந்தன. லூசியானாவின் சிற்றூர்களில் ஓரறைப் பள்ளிகள் பல தோன்றின. எதிர்ப்பும் உடன் வந்தது. 1905இல் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் பெண்கள் பள்ளிக்காக ஒரு மனையை இடைநின்றோர் வாயிலாக வாங்கினார். கறுப்பினச் சிறுமியர்க்கு என்று பின்னர் அறிந்த பழைய உரிமையாளர் மனையைத் திருப்பித் தருமாறு வற்புறுத்தினார். அன்னை பணிவாக மறுத்துவிட்டார், பள்ளி திறக்கப்பட்டது. 1922இல் டெக்சாசு மாநிலத்துப் போமாண்ட் நகரில் கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெறியர் கூட்டம் அச்சுறுத்தியபோதும் சகோதரிகள் பின்வாங்கவில்லை.

இவை அனைத்துக்கும் முடியாக அமைந்தது நியூ ஆர்லியன்ஸ் நகரப் பணி. அங்கிருந்த கறுப்பின மக்களின் கல்லூரி ஒன்று வேறிடம் சென்றதனால் வெற்றிடமான வளாகத்தை 1915இல் வாங்கி உயர்நிலைப் பள்ளி தொடங்கினார். அது 1917இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகவும், 1925இல் சேவியர் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. அங்குப் பயின்ற ஆசிரியர்களே சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் சென்றனர். கறுப்பின மக்களுக்கென்று எழுந்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அந்நாட்டில் அது ஒன்றேயாகும்.

பெரியோர் வரலாற்றில் குறைகளை மறைத்து எழுதுவது நம் வழக்கமாகிவிட்டது, அது நன்றன்று. அன்னையின் சபை தொடக்கத்தில் கறுப்பினப் பெண்களைத் துறவியராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பினப் பெண்களுக்கென முன்னரே இருந்த சபைகளுக்கு ஆள் குறையக் கூடாது என்று காரணம் கூறப்பட்டது. எனினும் நெடுங்காலம் அக்கதவு திறக்கவில்லை. பூர்வகுடிச் சிறார்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதியில் வளர்த்த அக்கால முறையும் பின்னாளில் கடுங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. நமக்காகச் செய்வோரைப் போற்றுவோம். நம்மோடு சமமாக அமர்ந்து செய்தார்களா என்றும் கேட்போம். இரண்டும் நம் கடமையே.

வரியும் சட்டமும்

அமெரிக்காவில் வருமான வரி வந்தபின் அன்னையின் வருமானத்தில் பெரும்பகுதி அரசுக்குச் செல்லும் நிலை ஏற்பட்டது. 1924இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு விதி செய்தது. தொடர்ந்து பத்தாண்டுகள் வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வரியாகவும் அறமாகவும் செலுத்தி வந்தவர்க்கு, அதன்பின் அறத்துக்கு வழங்கும் தொகை முழுவதற்கும் வரி இல்லை என்பது அவ்விதி. அன்னையை எண்ணியே அது செய்யப்பட்டது என்பர். ஒருவர் ஈகைக்காக நாட்டின் சட்டமே நெகிழ்ந்தது என்றால் அவ்வீகையின் அளவை நாம் உணரலாம். வாழ்நாளில் அவர் வழங்கியது ஏறத்தாழ 2 கோடி டாலர் என்று மதிப்பிடப்படுகிறது.

மறைவும் அதன் விளைவும்

தமக்கை எலிசபெத் 1890இல் பிள்ளையின்றி இறந்தார். தங்கை லூயிசும் கறுப்பின மக்களின் கல்விக்குப் பேருதவி புரிந்து, 1940களில் பிள்ளையின்றி மறைந்தார். 1935இல் இதய நோயுற்ற அன்னை, இறுதி ஆண்டுகளை இறைவேண்டலில் கழித்து, 1955 மார்ச் 3ஆம் நாள் தம் 96ஆம் அகவையில் மறைந்தார். அப்போது அவர் சபையில் ஏறத்தாழ 500 சகோதரிகளும் 60க்கு மேற்பட்ட பள்ளிகளும் இருந்தன.

அந்நாளோடு தந்தையின் நிதியிலிருந்து வந்த வருமானம் நின்றது. உயிலின்படி முதல் முழுவதும் 1885இல் பெயர் குறிக்கப்பட்ட நிறுவனங்களுக்குச் சென்றது. அன்னையின் சபை அப்பட்டியலில் இல்லை. உயில் எழுதப்பட்டபோது அச்சபை பிறக்கவே இல்லையன்றோ? எழுபது ஆண்டுகள் அச்செல்வத்தின் கனியை உண்ட பள்ளிகளுக்கு மரத்தில் ஒரு கிளையும் உரிமையாகவில்லை. அன்னையும் வந்த வருமானத்தை வந்தவாறே செலவிட்டாரேயன்றித் தம் சபைக்கெனப் பெரும் நிலைநிதி எதனையும் கட்டிவைக்கவில்லை.

இதனைக் குறை என்று எளிதிற் சொல்லிவிட நாம் துணியோம். எழுத்தறியாத பிள்ளை வாசலில் நிற்கும்போது, ஐம்பது ஆண்டுக்குப் பின் வரப்போகும் பிள்ளைக்காகப் பணத்தைப் பூட்டி வைப்பது எங்ஙனம்? பசித்தவனுக்கு இன்றே சோறிட வேண்டும். ஆயினும் விதைநெல்லையும் சேர்த்துச் சமைத்துவிட்டால் அடுத்த ஆண்டுப் பசிக்கு யார் விடை சொல்வது? இவ்விரண்டுக்கும் இடையே நின்று முடிவெடுப்பதே பொறுப்பில் உள்ளோரின் அறமாகும்.

பின்னாளில் நேர்ந்ததைக் காண்போம். வர்ஜீனியாவில் அன்னை நிறுவிய பெண்கள் பள்ளி 1970களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. சாந்தா பே பள்ளி 1998இல் மூடப்பட்டது. பணக்குறை ஒன்றே காரணமன்று; துறவியர் தொகை குறைந்ததும் காலம் மாறியதும் காரணங்களே. பிலடெல்பியாவுக்கு அருகிலிருந்த தலைமை மடத்தையும் விற்பதென்று 2016இல் சபையினர் அறிவித்தனர். 2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட அன்னையின் திருவுடல், 2018இல் பிலடெல்பியாப் பேராலயத்துக்கு மாற்றப்பட்டது.

ஆனால் சேவியர் பல்கலைக்கழகம் நின்றது. அங்கேயே பயின்ற கறுப்பின வழக்கறிஞர் நார்மன் பிரான்சிஸ் 1968இல் அதன் தலைவரானார். 2015 வரை 47 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்து, பழைய மாணவரிடமும் கொடையாளரிடமும் நிதி திரட்டி, முதலைத் தொடாது வருமானத்தை மட்டும் செலவிடும் நிலைநிதியைப் பன்மடங்கு பெருக்கினார். 2005இல் கத்ரினா புயலில் வளாகம் வெள்ளத்தில் மூழ்கியது. 2006 ஜனவரியிலேயே வகுப்புகள் மீண்டும் தொடங்கின. மருத்துவக் கல்லூரிகளுக்குக் கறுப்பின மாணவரை மிகுதியாக அனுப்பும் நிறுவனங்களுள் அது முன்னணியில் விளங்குவதாயிற்று. பிறர் ஈந்த கொடையால் எழுந்த நிறுவனம், பயன்பெற்றோர் தம் தோளில் ஏந்திய பின்னரே உறுதி பெற்றது.

நாம் கொள்ள வேண்டிய படிப்பினை

பள்ளி ஆண்டு விழாக்களில் அறக்கட்டளைப் பரிசு வழங்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். யாரோ ஒருவர் வைப்பில் இட்ட தொகையின் வட்டி, அவர் மறைந்த பின்னும் ஆண்டுதோறும் ஒரு மாணவனின் கையில் பரிசாக வந்து சேர்கிறது. ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி எனக் கொண்டால், 1,00,000 ரூபாய் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும். அதிலும் ஒரு பகுதியை முதலோடு சேர்த்து வந்தால்தான் விலைவாசி ஏற்றத்தில் நிதி தேயாது இருக்கும்.

உயில் என்பது செல்வர்க்கே உரியது என்று நம் மக்கள் எண்ணுகின்றனர். அது தவறு. நம் நாட்டுச் சட்டப்படி உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டுவதில்லை, பதிவும் கட்டாயமன்று. எழுதியவர் கையொப்பமும் இரு சாட்சிகளின் கையொப்பமும் தேவை. கிறிஸ்தவர்கள் சமய, அறப்பணிகளுக்கு உயில் எழுதுவதற்குத் தடையாயிருந்த 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவும் 2003இல் உச்சநீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு உரியதை முதலில் எழுதுக. சிறு பங்கொன்றை நம் சமுதாயக் கல்விக்கு எழுதுக. எழுதியதை அவ்வப்போது எடுத்துப் பார்த்துத் திருத்துக. பிரான்சிஸ் டிரெக்சல் உயில் எழுதிய பின் மகள் வாழ்வு மாறியது; அதைக் காண அவர் உயிரோடு இல்லை. நாமோ இன்னும் இருக்கின்றோம்.

இச்சங்கத்தின் உதவியால் படித்துப் பணியில் அமர்ந்த இளைஞர்களே! உங்களைப் படிக்க வைத்தவர்களிற் பலர் கூலி வேலையிலிருந்து மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்கள். அவர்களுக்கு நிலைநிதி வைக்கும் வசதி இருந்ததில்லை; உங்களுக்கு இருக்கிறது. முதல் மாத ஊதியத்திலிருந்து ஒரு தொகை சங்கத்தின் நிலைநிதிக்கு வருமானால், பொன்விழாக் காணும் நாளில் நம்மில் எவர் இருப்பினும் இல்லாதொழியினும், நம் தெருவிலிருந்து ஒரு பிள்ளை கட்டணம் கட்டிக் கல்லூரிக்குச் செல்லும்.