ஈமு கோழிகள் மேல ராணுவத்தை ஏவிய அமைச்சர்... யார் இந்த ஜார்ஜ் பியர்ஸ்?

வயலில் புகுந்த பறவைகளைச் சுட ராணுவத்தை அனுப்பினார் ஒரு பாதுகாப்பு அமைச்சர். கேட்டா கட்டுக்கதை மாதிரி இருக்கும். ஆனா 1932-ல் ஆஸ்திரேலியாவில் நிஜமாவே இது நடந்தது. அனுப்பியவர் சர் ஜார்ஜ் பியர்ஸ்.

தச்சர் டூ அமைச்சர்

1870-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுன்ட் பார்க்கரில், ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் பியர்ஸ். 11 வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றுபோனது. தச்சு வேலை கற்றுக்கொண்டு மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். தொழிற்சங்கத்தில் வளர்ந்து, 1901-ல் நாட்டின் முதல் நாடாளுமன்றத்திலேயே செனட்டர் ஆனார். அந்தப் பதவியில் 37 ஆண்டுகள் நீடித்தார். முதல் உலகப் போர் காலத்தில் பாதுகாப்புத் துறை இவர் கையில்தான் இருந்தது.

ஈமு ஏன் வயலுக்கு வந்தது?

போர் முடிந்து திரும்பிய வீரர்கள் பலருக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் விவசாய நிலம் கொடுத்தாங்க. புதர்க்காட்டை அழித்துக் கோதுமை விதைத்தார்கள். ஆடு மாடுகளுக்காகத் தண்ணீர் தேக்கினார்கள்.

ஈமு பறக்காது. ஆனா மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓடும். உயரம் 6 அடியைத் தொடும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் இரையும் தண்ணீரும் தேடி, வறண்ட உள்நாட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் நகர்வது அதன் வழக்கம். போற வழியிலேயே இப்போ கோதுமையும் இருக்கு, தண்ணியும் இருக்கு. அப்புறம் ஏன் தாண்டிப் போகப் போகுது?

1932-ல் சுமார் 20,000 ஈமுக்கள் வந்தன. பயிர் நாசமானது. உடைந்த வேலி வழியா முயல்களும் புகுந்தன. கோதுமை விலை சரிந்து ஏற்கெனவே நொந்துபோயிருந்த விவசாயிகள், பியர்ஸைச் சந்தித்து இயந்திரத் துப்பாக்கி கேட்டார்கள். சில நிபந்தனைகளோடு அவரும் சம்மதித்தார்.

களத்தில் என்ன நடந்தது?

நவம்பர் 2, கேம்பியன் பகுதி. 2 லூயிஸ் துப்பாக்கிகள், 10,000 தோட்டாக்கள். சுட ஆரம்பித்ததுமே ஈமுக்கள் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரிந்து ஓடின. இரண்டு நாள் கழித்து, நீர்த்தேக்கம் பக்கம் பதுங்கியிருந்த வீரர்களை நோக்கி 1,000 பறவைகள் வந்தன. சில பறவைகள் விழுந்ததுமே துப்பாக்கி மக்கர் செய்தது. லாரியில் துப்பாக்கியைக் கட்டித் துரத்தியும், கரடுமுரடான நிலத்தில் குறிவைக்க முடியவில்லை.

நவம்பர் 8-ல் பியர்ஸ் படையைத் திரும்ப அழைத்தார். விவசாயிகள் மறுபடி கேட்டதால், சில நாளில் மீண்டும் அனுப்பினார். டிசம்பரில் எல்லாம் முடிந்தது. ராணுவம் காட்டிய கணக்கு 986 ஈமுக்கள். வந்ததோ 20,000. எதிர்க்கட்சி செனட்டர் ஒருவர், பியர்ஸுக்கு ஈமு போர் அமைச்சர் என்றே பெயர் வைத்துவிட்டார்.

அதன் பிறகு?

1934, 1943, 1948 என மூன்று முறை விவசாயிகள் மீண்டும் ராணுவம் கேட்டார்கள். அரசு மறுத்துவிட்டது. சுட்டுக் கொண்டுவந்தால் சன்மானம், வலுவான வேலி என வழி மாறியது. வேலி பயிரைக் காத்தது. ஆனா வறட்சிக் காலங்களில், அதைத் தாண்ட முடியாமல் ஈமுக்கள் கூட்டமாகச் செத்ததும் உண்டு.

1937 தேர்தலில் தோற்ற பியர்ஸ், 1952-ல் 82 வயதில் இறந்தார். பெர்த் அருகே ஒரு விமானப்படைத் தளம் அவர் பெயரில் இருக்கிறது. ஆனா உலகம் அவரை நினைப்பது அந்த ஈமு வேட்டையை வைத்துத்தான்.

அந்த ஈமு, ஆஸ்திரேலிய அரசுச் சின்னத்தில் கங்காருவுக்கு எதிரே இன்னைக்கும் நிற்கிறது.