கடைசியில் இருப்பவருக்குக் கைகொடுத்த கேம்: யார் இந்த டேனி பண்டன்?

வீட்டு டிவியில் கேம் கன்சோல், ஆளுக்கொரு கன்ட்ரோலர், சோபாவில் நாலு பேர், ஒரே கூச்சல். இன்று சர்வ சாதாரணமான காட்சி. கம்ப்யூட்டர் கேம் என்றாலே தனியாக உட்கார்ந்து ஆடுவது என்றிருந்த காலத்தில், இதற்காகவே மெனக்கெட்டவர் டேனி பண்டன்.

1949-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிறந்து, லிட்டில் ராக் நகரில் வளர்ந்தவர். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். வீட்டில் பணக் கஷ்டம். குடும்பமே சுற்றி உட்கார்ந்து போர்டு கேம் ஆடிய பொழுதுகள்தான் அவர் மனதில் நின்ற இனிய நினைவுகள்.

1978-ல் அவரது முதல் கேம் 'வீலர் டீலர்ஸ்'. நான்கு பேர் ஆடத் தனி கன்ட்ரோலரையும் சேர்த்துக் கொடுத்ததால் விலை 35 டாலர். விற்றது வெறும் 50 பிரதிகள்!

அசரவில்லை. தம்பி உட்பட நான்கு பேர் கொண்ட குழுவோடு 1983-ல் 'மியூல்' கேமை உருவாக்கினார். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. நான்கு ஜாய்ஸ்டிக் செருக முடிந்த அட்டாரி 800 கம்ப்யூட்டர்தான் அதன் முதல் வீடு. கதை நடக்கும் கிரகத்தின் பெயர் 'இராட்டா'. அட்டாரியின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டது.

நிலம் பிடிக்க வேண்டும். கோவேறு கழுதை மாதிரியான ரோபோவை வாங்கி அதில் இறக்கிவிட வேண்டும். சரியான இடத்தில் நிறுத்தாவிட்டால் அது ஓடியே போய்விடும். பிறகு ஏலம். விற்பவர் மேலிருந்து இறங்க, வாங்குபவர் கீழிருந்து ஏற, இருவரும் சந்திக்கும் இடமே விலை. பக்கத்தில் இருப்பவரிடம் கெஞ்சலாம், மிரட்டலாம். உணவைப் பதுக்கி மற்றவர்களைத் தவிக்கவிடலாம். ஆனால் மொத்தக் குடியேற்றமும் நொடித்தால், பணக்காரருக்கும் தோல்விதான்.

இதில் அழகான தந்திரம் ஒன்று உண்டு. திடீர் அதிர்ஷ்டம் முதலிடத்தில் இருப்பவருக்கு வராது. திடீர் நஷ்டம் கடைசியில் இருப்பவருக்கு வராது. சின்னப் பிள்ளையும் அழாமல் ஆட இது போதும்.

விற்பனை சுமார் 30,000 பிரதிகள்தான். அடுத்த ஆண்டு வந்த, ஒருவர் மட்டுமே ஆடும் 'செவன் சிட்டீஸ் ஆஃப் கோல்டு' அதைப்போல் பல மடங்கு விற்றது. காசு எந்தப் பக்கம் என்று தெரிந்தும் டேனி திரும்பவும் கூட்டாட்டத்துக்கே வந்தார். 1988-ல் 'மோடம் வார்ஸ்'. இருவர் போன் லைன் வழியே மோதும் கேம். மோடம் வைத்திருந்தவர்களே அப்போது குறைவு.

1990-ல் மியூல், நின்டெண்டோவின் என்இஎஸ் கன்சோலுக்கும் வந்தது. பிறகு சேகா ஜெனிசிஸ் கன்சோலுக்கான பதிப்பும் தயாரானது. துப்பாக்கியும் வெடிகுண்டும் சேர்க்கச் சொன்னது நிறுவனம். டேனி மறுத்தார், திட்டம் கைவிடப்பட்டது. கழுதை மேய்க்கிற கேமில் குண்டு எதற்கு?

1992-ல் பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு பெண்ணாக வாழத் தொடங்கியிருந்தார். அதன்பின் கேம் உலகில் அதிகம் தென்படவில்லை. 1998-ல் கேம் வடிவமைப்பாளர்களின் சங்கம் வாழ்நாள் சாதனையாளர் விருது தந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 3 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 49.

2000-ல் வெளிவந்து உலகையே ஆட்டிவைத்த 'தி சிம்ஸ்' கேமை, அதை உருவாக்கிய வில் ரைட் டேனிக்குத்தான் சமர்ப்பித்தார். சாகும்போது டேனி வடிவமைத்துக்கொண்டிருந்தது, மியூலின் இன்டர்நெட் பதிப்பு.