சேரியில் குடியேறிய செம்மல் ககாவா

ஏழைகளுக்காகப் பேசியோர் பலர். ஏழைகளோடு வாழ்ந்தோர் சிலர். அச்சிலருள் ஒருவர் ஜப்பான் நாட்டுப் பெரியார் டொயோஹிகோ ககாவா.

அன்னார் 1888ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் கோபே துறைமுக நகரில் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்து, உறவினர் இல்லத்தில் அன்பின்றி வளர்ந்தார். மாணவப் பருவத்தில் கிறித்தவ நெறியைத் தழுவியதால் உறவினரின் ஆதரவும் நீங்கியது. காசநோயும் பற்றியது. வாழ்நாள் குறுகியது என்று எண்ணிய அவர், எஞ்சிய நாள்களை எளியோர்க்கே ஈந்துவிட உறுதி பூண்டார்.

1909ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், தம் 21ஆம் வயதில், கோபே நகரின் ஷின்காவா சேரியில் குடியேறினார். வரிசை வரிசையாகச் சிற்றறைகள். ஓர் அறைக்குள் ஒரு குடும்பம். அன்றாடங் கூலி பெற்றோர் வாடகையையும் அன்றாடமே செலுத்தினர். ஒரு நாள் வேலை இல்லையெனில் மறுநாள் கூரையும் இல்லை. கொலை நிகழ்ந்த வீடென்று பிறர் அஞ்சி ஒதுக்கிய வீட்டையே ககாவா வாடகைக்குப் பெற்றார். போக்கிடமற்றோரை அதில் சேர்த்துக்கொண்டார். ஒரே படுக்கையைப் பகிர்ந்ததால் தொற்றிய கண்நோய் அவரை வாழ்நாள் முழுதும் வருத்தியது.

ஆயினும், ஒருவர் தம் அறையைப் பகிர்வதால் மட்டும் வீடற்றோர் துயர் தீராது என்பதை அவர் உணர்ந்தார். 1914 முதல் 1917 வரை அமெரிக்காவில் பயின்று திரும்பியபின், ஏழைகள் தாமே ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பதே வழி எனக் கண்டார். 1920இல் வெளிவந்த தம் நாவல் ஈட்டிய பெரும்பொருளை இயக்கப் பணிக்கே செலவிட்டார். 1921இல் கோபேயிலும் நாடாவிலும் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்ற உழைத்தார். அவ்விரண்டும் 1962இல் ஒன்றாயின; இன்றும் இயங்குகின்றன. 1923ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்தில் வீடிழந்தோர்க்கு உதவத் தோக்கியோ விரைந்தார். சேரிகளைச் சீரமைக்க அரசு பொருள் ஒதுக்க வேண்டுமென வாதாடினார். 1927இல் அதற்கெனச் சட்டமும் பிறந்தது.

அன்னாரின் குறையையும் நாம் மறைத்தல் ஆகாது. ஜப்பானில் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களும் ஷின்காவாவில் வாழ்ந்தனர். 1871ஆம் ஆண்டு ஆணை அவர்தம் இழிநிலையை ஏட்டளவில் நீக்கியது, உலகம் நீக்கவில்லை. 1915இல் எழுதிய நூலில் ககாவாவும் அம்மக்களைப் பிறப்பால் தாழ்ந்தோர்போல் எழுதிவிட்டார். அவர்களோடு உண்டு உறங்கியவர் கையாலேயே அவ்வெழுத்து வந்தது என்பது வேதனை. புராக்கு மக்கள் அதனைக் கண்டித்தனர். 1922இல் தங்கள் விடுதலைக்குத் தாங்களே இயக்கம் கண்டனர். இரக்கம் வேறு, மதிப்பு வேறு என்பதை இதனினும் தெளிவாக எடுத்துரைக்கும் சான்று அரிது.

1938ஆம் ஆண்டு டிசம்பரில், நம் சென்னையை அடுத்த தாம்பரத்தில் நடைபெற்ற உலகக் கிறித்தவ மாநாட்டுக்கு ககாவா வந்திருந்தார். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் மறைந்தார்.

இளைஞர்களே! மழைக்காலத்தில் நனைந்த புத்தகத்தோடு வகுப்புக்கு வரும் பிள்ளைகளை யான் ஆண்டுதோறும் காண்கிறேன். ஒழுகும் கூரையின்கீழ் கல்வி தங்குவது அரிது. உங்கள் குடும்பம் வாழும் மனைக்குப் பட்டா உண்டா, அது எவர் பெயரில் உள்ளது என்பதைக் கேட்டறியுங்கள். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் விதிகளைப் படித்து, எழுத்தறியாப் பெரியோர்க்கு விளக்குங்கள். சிறுதொகையேனும் மாதந்தோறும் கூடிச் சேமியுங்கள். பிறர் இரங்கி உதவ வருவாராயின் நன்றியோடு ஏற்போம். ஆனால் நம்மைப் பற்றி எழுதும் எழுதுகோல் நம் கையிலேயே இருக்கட்டும்.