தஞ்சையைத் தாயகமாக்கிய சுவார்ட்ஸ் ஐயர்

பிறந்த மண்ணில் வாழ்வது யாவர்க்கும் எளிது. மொழியும் உணவும் வேறான நாட்டுக்கு வந்து, அதையே தம் வீடாகக் கொண்டு, அங்கேயே கண்மூடுவது எளிதன்று. நம் தஞ்சைத் தரணியில் அவ்வாறு வாழ்ந்தவர் கிறிஸ்தியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். லுத்தரன் சபைக் குரு. ஆயினும், காவிரி நாட்டு மக்களின் நெஞ்சில் இடம்பெற்ற அவரை நாம் அறியாதிருக்கலாமா?

1726ஆம் ஆண்டு பிரஷ்யாவிலுள்ள சொன்னன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். ஹாலே நகரில் பயின்றபோது, தமிழகத்தில் பணியாற்றித் திரும்பிய சூல்ட்சே என்பவரிடம் தமிழ் கற்றார். புறப்படுமுன், தந்தையின் சொத்தில் தமக்குரிய பங்கை உடன்பிறந்தாருக்கே விட்டுக்கொடுத்தார். 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். பின்னர் திருச்சியில் பணியாற்றி, 1778 முதல் தஞ்சையிலேயே தங்கினார். மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி ஆகிய மொழிகளையும் கற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை, ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவுமில்லை.

1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு நிகழ்ந்தது. வயல்கள் பாழாயின. தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பசியால் மடிந்து, வீதிகளிலே கிடந்தனர். வெளியூர்களில் நெல் இருந்தது. ஆனால் அதைச் சுமந்துவர எருதுகள் இல்லை. உரிய கூலி கிடைக்காது என்றஞ்சிய உழவர்கள், அரசர் கேட்டும் மாடுகளைத் தரவில்லை. அப்போது ஐயர், கூலிக்குத் தாமே பொறுப்பு என்று ஊர்தோறும் எழுதியனுப்பினார். சில நாட்களிலேயே ஆயிரம் எருதுகள் வந்தன! 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. ஐயரும் தாம் சொன்னபடியே ஒவ்வொருவருக்கும் கூலியைக் கொடுத்துத் தீர்த்தார். பிற்காலத்தில் கொடுமை தாளாமல் ஊரைவிட்டு ஓடிய உழவர்களும், அவர் அழைத்தவுடன் ஏழாயிரம் பேராகத் திரும்பிவந்து கழனியில் இறங்கினர். அரசர் சொல்லை நம்பாத மக்கள் அயல்நாட்டார் ஒருவரின் சொல்லை நம்பினர் என்றால், அவர் அவர்களுக்கு அயலார் ஆவாரோ?

1787இல் துளஜா மன்னர் இறக்கும் தறுவாயில், பத்து வயது நிரம்பாத தம் வளர்ப்பு மகன் சரபோஜியை ஐயரிடமே ஒப்படைத்தார். அரியணை ஏறிய அமர்சிங், சிறுவனைக் கல்வியின்றி அடைத்துவைத்தார். ஐயர் சென்னை அரசுக்கு முறையிட்டு, 1793இல் அவரைச் சென்னைக்கு அனுப்பிக் கல்விக்கு வழிசெய்தார். அந்தச் சிறுவரே பின்னாளில் சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த இரண்டாம் சரபோஜி மன்னர்.

அம்முடிசூட்டு விழாவைக் காண ஐயருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதே 1798ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் தஞ்சையிலேயே உயிர்நீத்தார். சரபோஜி தந்தையை இழந்தவர்போல் அழுதார். சிவகங்கைக் குளத்தருகே ஐயர் எழுப்பிய ஆலயத்தில், மன்னர் அவர் கரம்பற்றி நிற்கும் பளிங்குச் சிற்பம் உள்ளது.

தோழியரே! படிப்பு முடிந்தபின் நம்மில் பலர் வேற்றூருக்கும் வேற்று நாட்டுக்கும் செல்லக்கூடும். செங்கல்லால் மட்டும் வீடு எழுவதில்லை. கொடுத்த சொல்லைக் காப்போமாயின், எவ்வூரும் நம் வீடாகும்.