தேய்மானத்தை வென்ற ஆச்சிசன்



நம்ம ஒர்க்‌ஷாப்பில் கார்பைடு டூல் தீட்டும் பச்சைக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். மெக்கானிக் ஷெட்டில் வால்வு தேய்க்கும் கார்போரண்டம் பேஸ்ட், பெயிண்ட் அடிக்கும் முன் தேய்க்கும் வாட்டர் பேப்பர், நம்ம தர்மபுரிப் பக்கம் கிரானைட் பலகைக்குப் பாலிஷ் போடும் கல் என்று பலவற்றிலும் இருப்பது ஒரே பொருள்தான். அதுதான் சிலிக்கான் கார்பைடு. அதைத் தொழிற்சாலை அளவில் செய்துகாட்டியவர் எட்வர்டு குட்ரிச் ஆச்சிசன். புத்தகத்தில் ஆச்சிசன் உலை என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய வாழ்க்கை இருக்கிறது!

1856 மார்ச் 9-ஆம் தேதி அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து வாஷிங்டன் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த பகுதியில். பெல்ஃபோன்ட் என்ற ஊரில் மூன்று வருஷம் படித்தார். அதற்குள் 1873-ஆம் ஆண்டின் பணநெருக்கடி வந்துவிட்டது. வீட்டைக் காப்பாற்ற வரச்சொல்லி அழைத்தார்கள். பதினாறு, பதினேழு வயதில் அவருடைய பள்ளிப்படிப்பு முடிந்தது. தந்தை இறந்தபின் தாயையும் சகோதரிகளையும் தாங்கும் பாரம் அவர் தோளில் விழுந்தது. பகலில் ரயில்வே சர்வேயில் உதவியாள் வேலை. ராத்திரியில் தானே புத்தகம் படித்து மின்சாரச் சோதனை!

1880-இல் தான் செய்த பேட்டரி ஒன்றை எடிசனிடம் விற்கப் போனார். பேட்டரி விலைபோகவில்லை. ஆனால் எடிசன் ஆளையே வேலைக்கு எடுத்துக்கொண்டார். மின்விளக்குக்குக் கரி இழை செய்யும் சோதனையில் ஈடுபட்டார். 1884-இல் அங்கிருந்து விலகிச் சொந்தக் காலில் நின்றார்.

1891. மோனோங்கஹேலா என்ற ஊர். ஓர் இரும்புக் கிண்ணத்தில் களிமண்ணையும் கல்கரித் தூளையும் கலந்து போட்டார். ஒரு மின்கம்பியைக் கிண்ணத்தில் மாட்டினார். இன்னொன்றைக் கரித்தண்டில் மாட்டிக் கலவைக்குள் செருகி மின்சாரம் பாய்ச்சினார். செயற்கை வைரம் மாதிரி கடினமான ஏதாவது கிடைக்குமா என்ற ஆசைதான். ஆறியபின் பார்த்தால், கரித்தண்டின் நுனியில் சில மினுமினுப்பான துகள்கள். ஒன்றைப் பென்சில் முனையில் ஒட்டிக் கண்ணாடியில் இழுத்தார். கண்ணாடியில் கோடு விழுந்தது!

அது கரியும் குருந்தக்கல்லும் சேர்ந்தது என்று நினைத்து, கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். நினைத்தது தப்பு. உண்மையில் அது கரியும் சிலிக்கானும் சேர்ந்த பொருள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. ஆங்கிலத்தில் கொரண்டம் என்கிறார்களே, அது நம்ம தமிழ்க் குருந்தம்தான்! நம்ம மாவட்டம் 1965 வரை சேலத்தோடு இருந்ததே, அந்தப் பழைய சேலம் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குருந்தக்கல் கிடைத்திருக்கிறது.

1893-இல் காப்புரிமை பெற்றார். முதலில் ரத்தினக் கல் பட்டை தீட்டுபவர்களுக்குக் காரட் கணக்கில் விற்றார். 1895-இல் நயாகரா நீர்வீழ்ச்சி மின்சாரத்தை நம்பிப் பெரிய உலைகள் எழுந்தன. ஆனால் தொழில் பெருகப் பெருக வங்கிக்காரர்களின் கை ஓங்கியது. தான் உண்டாக்கிய கம்பெனியின் நிர்வாகம் தன் கையைவிட்டே போனதை அவர் பார்க்க வேண்டியதாயிற்று. வேறு ஒருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார்!

ஆச்சிசன் உட்காரவில்லை. கார்போரண்டத்தை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் சிலிக்கான் ஆவியாகிப் போய், கிராஃபைட் மிஞ்சுவதைக் கவனித்தார். 1896-இல் அதற்கும் காப்புரிமை. 1899-இல் கிராஃபைட்டுக்கென்றே தனிக் கம்பெனி. பிறகு அதை எண்ணெயிலும் தண்ணீரிலும் படியாமல் மிதக்கும் நுண்தூளாக்கி, இயந்திரங்களுக்கு வழவழப்பூட்டும் மசகாகவும் தந்தார். ஆக, அறுக்கும் கல்லும் அவர் தந்ததே, வழுக்கும் தூளும் அவர் தந்ததே!

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம். அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். ஆனால் உராய்ந்தால் சீக்கிரம் தேயும், ஒட்டிப் பிடிக்கும். அதை 700 டிகிரிக்கு மேல் உருக்கி, சுழல் விழக் கலக்கி, முன்பே சூடாக்கிய சிலிக்கான் கார்பைடு தூளைத் தூவி அச்சில் ஊற்றுவதுதான் ஸ்டிர் காஸ்டிங். தூள் உலோகத்தோடு ஒட்ட, கொஞ்சம் மெக்னீசியமும் சேர்ப்பார்கள். சுழலும் எஃகுத் தட்டில் வைத்துத் தேய்த்து, எடை எவ்வளவு குறைகிறது என்று நிறுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கடினத் துகள்கள் பாரத்தைத் தாங்குவதால் தேய்மானம் குறையும். அதற்காக அள்ளிப் போட்டால் தூள் கட்டிகட்டியாகச் சேரும், துளை விழும், எதிரில் உராயும் பாகத்தையும் அரித்துவிடும். அதனால்தான் கிராஃபைட்டும் சேர்க்கிறார்கள். அது பரப்பில் இழைந்து மெல்லிய படலமாகி உராய்வைத் தணிக்கும். வார்ப்பு முறையில் அலுமினியத்தோடு கிராஃபைட் சேர்ப்பதில் 1970-களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் பிரதீப் ரோஹத்கி குழுவினர் முக்கியமான ஆராய்ச்சி செய்தார்கள். பெங்களூர் நமக்குப் பக்கத்து ஊர்தானே!

ஆச்சிசன் 70 காப்புரிமைகள் பெற்று, 1931 ஜூலை 6-ஆம் தேதி நியூயார்க்கில் காலமானார். எடிசனும் மறைந்தது அதே வருஷம்தான். சென்னையில் 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியின் பெயரில் அவர் வைத்த சொல் இன்றும் இருக்கிறது.

நண்பர்களே, எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னோடு முதல் வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், அப்பா தவறியதும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். படிப்பு இல்லாமலே ஜெயிக்கலாம் என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆச்சிசனே வேதியியல் தெரியாமல் பெயரைத் தப்பாக வைத்தவர்தானே! ஆனால் படிப்பு நின்ற அன்றைக்கே அவர் கற்பதை நிறுத்தவில்லை. அதைச் சொல்லலாம். கடினம் மட்டும் இருந்தால் எதிரில் இருப்பதை அரிக்கும். மென்மை மட்டும் இருந்தால் தானே தேயும். இரண்டும் கலந்தால்தான் நீடித்து உழைக்கும். அலுமினியத்துக்கும் அப்படித்தான், மனுஷனுக்கும் அப்படித்தான்!

இந்த மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அவனுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.

— மூன்றாமாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை