நான்கு தங்கத்துக்குப் பிறகு குதிரையோடு ஓடியவர்

ஜெசி ஓவன்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்தான் நினைவுக்கு வரும். ஹிட்லரின் கண்முன்னே ஒரு கறுப்பின இளைஞர் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார், ஹிட்லர் கைகுலுக்க மறுத்தார் என்று பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் சிறப்பு விருந்தினர்கள் பேசக் கேட்டிருப்போம். பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அப்போது ஓவன்சுக்கு வயது 22தான். அதன் பிறகு 43 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

1913 செப்டம்பர் 12ஆம் தேதி அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஓக்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை ஹென்றி பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாடுபடும் நிலமும் சொந்தமில்லை, படுத்துறங்கும் வீடும் சொந்தமில்லை. சிறுவயதிலேயே ஓவன்சும் பருத்தி எடுக்கப் போனார்.

அவருக்கு ஒன்பது வயதானபோது குடும்பம் பிழைப்புத் தேடி வடக்கே, ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லேண்ட் நகருக்குப் போனது. வீட்டில் அவரை ஜே.சி. என்றுதான் கூப்பிடுவார்கள். புதுப் பள்ளியில் ஆசிரியை பெயரைக் கேட்க, சிறுவன் தெற்கத்திப் பேச்சில் சொன்னது அவர் காதில் ஜெசி என்று விழுந்தது. அதுவே பெயராக நிலைத்துவிட்டது. நம் மூத்தோரின் பிறப்புப் பத்திரங்களில் உள்ள பெயர்களும் பல இப்படி உருவானவைதானே!

அந்த நகரில்தான் சார்ல்ஸ் ரைலி என்ற வெள்ளைக்காரப் பயிற்றுநர் அவரைக் கண்டெடுத்தார். பள்ளி முடிந்ததும் காலணி பழுதுபார்க்கும் கடைக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், மாலைப் பயிற்சிக்கு ஓவன்சால் வர இயலவில்லை. அதனால் பள்ளி தொடங்குமுன், விடியற்காலையில் வந்து ரைலி பயிற்சி கொடுத்தார். தரை தணலாகச் சுடுகிறது என்று நினைத்துப் பாதத்தை எடுக்க வேண்டும் என்பது அவர் சொல்லிக்கொடுத்த பாடம். தீமிதி பார்த்தவர்களுக்கு அது சட்டென்று புரியும்.

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் மின்தூக்கி இயக்குநராக வேலை செய்துகொண்டே படித்தார். கறுப்பின மாணவர் என்பதால் பல்கலைக்கழக விடுதியில் தங்க முடியவில்லை. போட்டிகளுக்கு வெளியூர் போனால் சக வீரர்கள் சாப்பிடும் உணவகத்தில் அவருக்கு இடமில்லை.

1935 மே 25ஆம் தேதி மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் ஒரு பல்கலைக்கழகப் போட்டி. சில நாள்களுக்கு முன் படிக்கட்டில் விழுந்து முதுகில் அடிபட்டிருந்ததால், ஓவன்ஸ் கலந்துகொள்வாரா என்பதே ஐயமாக இருந்தது. ஆனாலும் திடலில் இறங்கினார். 100 கெஜ ஓட்டத்தை 9.4 வினாடியில் ஓடி உலகச் சாதனையைச் சமன் செய்தார். நீளம் தாண்டுதலில் ஒரே முறை தாண்டினார், 8.13 மீட்டர், புதிய உலகச் சாதனை. அது 25 ஆண்டுகள் யாராலும் முறியடிக்கப்படவில்லை. பிறகு 220 கெஜ ஓட்டத்திலும் 220 கெஜத் தடை ஓட்டத்திலும் உலகச் சாதனைகள். இவ்வளவும் முக்கால் மணி நேரத்துக்குள். பெர்லினைவிட இந்த ஒரு பிற்பகல்தான் பெரியது என்பது என் எண்ணம். நான்கு தங்கங்களுக்கு அவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.

பெர்லினில் ஆகஸ்ட் 3ஆம் தேதி 100 மீட்டர் ஓட்டத்தை 10.3 வினாடியில் ஓடி வென்றார். மறுநாள் நீளம் தாண்டுதலில் 8.06 மீட்டர். அதற்கும் மறுநாள் 200 மீட்டர் ஓட்டத்தில் 20.7 வினாடி. நீளம் தாண்டுதலில் அவருக்குக் கடைசிவரை சவால் விட்டவர் ஜெர்மனியின் லுஸ் லோங். தகுதிச் சுற்றில் தடுமாறிய ஓவன்சுக்கு லோங்தான் யோசனை சொல்லிக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் தோற்ற லோங் முதல் ஆளாக ஓடிவந்து ஓவன்சை வாழ்த்தியதையும், இருவரும் தோழர்கள்போல் கைகோத்து நடந்ததையும் அரங்கமே பார்த்தது. ஹிட்லரும் பார்த்தார். லோங் 1943இல் சிசிலிப் போர்முனையில் மாண்டுபோனார்.

நான்காவது தங்கத்தில் ஒரு கறை உண்டு. 400 மீட்டர் அஞ்சல் ஓட்டத்தில் ஓட வேண்டியவர்கள் மார்ட்டி கிளிக்மன், சாம் ஸ்டாலர் என்ற இரு யூத இளைஞர்கள். கடைசி நேரத்தில் அமெரிக்கப் பயிற்றுநர்கள் அவர்களை நீக்கிவிட்டு, ஓவன்சையும் ரால்ஃப் மெட்கால்ஃபையும் சேர்த்தார்கள். தாம் ஏற்கனவே மூன்று வென்றுவிட்டதாகவும் அவர்களே ஓடட்டும் என்றும் ஓவன்ஸ் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. 39.8 வினாடியில் உலகச் சாதனையுடன் அமெரிக்கா வென்றது.

கைகுலுக்கல் விவகாரத்துக்கு வருவோம். முதல் நாள் ஹிட்லர் சில வெற்றியாளர்களை மட்டும் வாழ்த்தினார். வாழ்த்தினால் எல்லாரையும் வாழ்த்துங்கள், இல்லையென்றால் யாரையும் வேண்டாம் என்று ஒலிம்பிக் குழு கூறியது. அதன்பின் அவர் அரங்கில் யாரையும் வாழ்த்தவில்லை. ஓவன்ஸ் ஓடி வென்றது அதற்குப் பிறகுதான். அவரை அதிகம் வருத்தியது வேறொன்று. அவருடைய சொந்த நாட்டு அதிபர் ரூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைக்கவில்லை, ஒரு வாழ்த்துத் தந்தியும் அனுப்பவில்லை.

நியூயார்க் வீதிகளில் ஊர்வலம் நடந்தது. மாடிகளிலிருந்து காகிதத் துண்டுகள் பூமாரியாகப் பொழிந்தன. அவரைப் பாராட்டி வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் விருந்து. அந்த விருந்துக்கு அவர் சரக்கு ஏற்றும் மின்தூக்கியில்தான் மேலே போக வேண்டியிருந்தது.

பெர்லின் முடிந்த கையோடு அமெரிக்கத் தடகளச் சங்கம் வீரர்களை ஐரோப்பாவில் ஊர் ஊராக ஓடவைத்துப் பணம் திரட்டியது. ஓய்ந்துபோன ஓவன்ஸ், சுவீடன் பயணத்தை மறுத்துவிட்டு வீடு திரும்பினார். உடனே சங்கம் அவரைத் தடை செய்தது. 23 வயதுகூட நிரம்பாத உலகின் அதிவேக மனிதருக்கு அத்துடன் போட்டி வாழ்க்கை முடிந்தது. பெரிய பெரிய வாய்ப்புகளைத் தருவதாகச் சொன்னவர்களும் நழுவிவிட்டார்கள். வீட்டில் மனைவி ரூத், கைக்குழந்தைப் பருவம் தாண்டிய ஒரு மகள்.

அந்த ஆண்டு டிசம்பரில் கியூபாவின் ஹவானா நகரில் அவர் ஒரு குதிரையோடு ஓடினார். குதிரைக்கு 40 கெஜம் முன்னால் நின்று தொடங்கி வென்றார். பின்னர் பல ஊர்களில் இதுவே பிழைப்பானது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பந்தயக் குதிரை சட்டென்று மிரளும் இனம். துப்பாக்கியை அதன் காதருகே வெடித்தால் ஒரு கணம் திகைத்து நிற்கும். அந்த ஒரு கணம் ஓவன்சுக்குப் போதும். நான்கு தங்கம் வென்றவர் மிருகத்தோடு ஓடுவது இழிவு என்று சிலர் முகம் சுளித்தார்கள். பதக்கத்தைச் சாப்பிட முடியாது என்பது அவருடைய நியாயம். முகம் சுளித்தவர்களில் யாரும் அவருக்கு வேலை தரவில்லை.

சலவைத் தொழில் தொடங்கி நட்டப்பட்டு, 1939இல் திவாலானார். பெட்ரோல் நிலையத்திலும் வேலை பார்த்தார். போர்க்காலத்தில் ஃபோர்ட் நிறுவனத்தில் இருந்தார். நிலைமை மெல்லச் சீரானது 1950களில்தான். 1955இல் அதிபர் ஐசனோவர் அவரை நல்லெண்ணத் தூதராக இந்தியா, பிலிப்பைன்ஸ், மலாயா ஆகிய நாடுகளுக்கு அனுப்பினார். ஆம், நம் மண்ணுக்கும்தான். இங்கே முதல் பொதுத் தேர்தல் நடந்த அதே ஆண்டு. தம் நாட்டில் சரக்கு மின்தூக்கியில் ஏற்றப்பட்டவர், அந்நாட்டின் சுதந்திரத்தைப் பற்றி வெளியே பேச அனுப்பப்பட்டார்!

அதற்குப் பிறகும் தடுமாற்றங்கள் இருந்தன. வருமான வரி வழக்கில் 1966இல் 3,000 டாலர் அபராதம் கட்டினார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாமி ஸ்மித், ஜோன் கார்லோஸ் இருவரும் மேடையில் முட்டி உயர்த்தியபோது, ஓவன்ஸ் அதை ஏற்கவில்லை. இளையவர்கள் பலர் அவரை வெறுத்தார்கள். பின்னர் எழுதிய நூலில் தம் எண்ணம் மாறிவிட்டதை ஒப்புக்கொண்டார்.

1976இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதை அதிபர் ஃபோர்ட் அவருக்கு வழங்கினார். பெர்லினுக்குப் பிறகு 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. நெடுங்காலம் புகைபிடித்த ஓவன்ஸ், 1980 மார்ச் 31ஆம் தேதி நுரையீரல் புற்றுநோயால் அரிசோனாவில் காலமானார். வயது 66. நான்கு ஆண்டுகளில் பெர்லின் ஒலிம்பிக் அரங்கின் அருகே ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

பெர்லினில் வென்ற நான்கு பதக்கங்களில் ஒன்றை அவர் பில் ராபின்சன் என்ற புகழ்பெற்ற நடனக் கலைஞருக்குக் கொடுத்திருந்தார். நாடு திரும்பிய நாள்களில் மேடை நிகழ்ச்சிகளில் வேலை தேடித் தந்து உதவியவர் அவர். 2013இல் அந்தப் பதக்கம் ஏலத்துக்கு வந்தபோது 1.4 மில்லியன் டாலருக்கும் மேல் விலை போனது.