துண்டுத்தாளையும் காத்தவர்

தைப்பூசத்தையொட்டி ஜார்ஜ்டவுன் தெருக்களில் நகரத்தாரின் வெள்ளித் தேர் வலம் வரும். அவ்விழாவின்போது நம் கைக்கு வரும் அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும் பெரும்பாலும் மறுநாளே குப்பைக்குப் போய்விடுகின்றன. அத்தகைய தாள்களையும் செல்வமாகக் கருதிச் சேர்த்தவர் ஒருவர் இருந்தார். அவர்தாம் ரோஜா முத்தையா.

பினாங்கில் வணிகம் செய்த நகரத்தாரின் பூர்வீகம் தமிழ்நாட்டிலுள்ள செட்டிநாடு. அங்குள்ள கோட்டையூரைச் சேர்ந்தவர் முத்தையா. சென்னையில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்த அவர், ஏறத்தாழ 1950ஆம் ஆண்டு முதல் பழைய நூல்களைத் தேடித் தேடி வாங்கினார்.

அவர் நூல்களோடு நின்றுவிடவில்லை. நாடக அறிவிப்புகள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள், பழைய இதழ்கள் எனப் பிறர் கழித்த பலவற்றையும் சேர்த்தார். பழைய நாடக அறிவிப்பு ஒன்று அக்கால நடிகர்களின் பெயரையும் நுழைவுக் கட்டணத்தையும் நமக்குச் சொல்லக்கூடும். பெரிய வரலாற்று நூல்களில் இத்தகைய செய்திகள் எளிதில் கிடைப்பதில்லை. அதனால், ஆய்வாளர்கள் கோட்டையூருக்கே அவரைத் தேடி வந்தனர்.

ஆனால், தாள் நெடுநாள் வாழும் பொருளன்று. மலிவான தாளில் உள்ள அமிலம் நாளடைவில் அதைப் பழுப்பாக்குகிறது. மடித்தாலே ஒடியும்படி செய்கிறது. ஈரக்காற்றில் பூஞ்சை படர்கிறது. பூச்சியும் கரையானும் எஞ்சியதை அரிக்கின்றன.

1992ஆம் ஆண்டு முத்தையா மறைந்தார். அவர் சேர்த்திருந்த ஏறத்தாழ ஓர் இலட்சம் பொருள்கள் சிதறிப்போகுமோ என்னும் அச்சம் எழுந்தது. 1994இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. எனினும், அதைக் கடல் கடந்து கொண்டு செல்லவில்லை. சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது, 1996இல் திறக்கப்பட்டது. அங்கு நூல்கள் நுண்படமாக எடுக்கப்பட்டன. பின்னர், கணினி வடிவமும் பெற்றன. படியெடுத்த பிறகு மூலத்தை அடிக்கடி புரட்ட வேண்டியதில்லை. அதனால், அதன் ஆயுள் கூடுகிறது.

பினாங்கின் ஈரக்காற்றும் தாளுக்குப் பகைதான். தாத்தாவின் கப்பல் பயணச்சீட்டோ பாட்டியின் பழைய கடிதமோ உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கலாம். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். அதன் பசை தாளைக் கறையாக்கும். முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். முத்தையா செய்த பணியை நாமும் நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.